மஞ்சளை எடுத்தவன்

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் தம்பி முதலில் அண்ணாந்து பார்ப்பான். வீட்டுக்காரர்களின் முகமெல்லாம் அப்புறம்தான். முதலில் மேலே எரிகிற விளக்கு. கண்ணைச் சுருக்கி, "பச்சை அடிக்குது" என்றோ, "என்ன இது, இவ்ளோ மஞ்சளா?" என்றோ முணுமுணுத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவான். அக்கா இதைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய மூத்த மகள் பிறந்த அன்று மருத்துவமனைக்கு வந்தவன், குழந்தையைக் கையில் வாங்குவதற்கு முன் தலைமாட்டு விளக்கைப் பார்த்து, "இந்த வெளிச்சத்துல எந்தக் குழந்தையப் பாத்தாலும் மஞ்சக்காமாலைன்னுதான் தோணும்" என்றான். பாதிதான் காதில் விழுந்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். பிரசவித்த களைப்பிலும் அக்கா அவனைத் திட்டிய திட்டு அடுத்த அறைவரை கேட்டதாம்.

புகைப்படங்களின் நிறத்தைச் சரிசெய்வது தம்பியின் வேலை. ஒரு ஸ்டூடியோவின் பின்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வேறு யாரோ எடுத்த படங்களுக்கு அவற்றின் நிறத்தைத் திருப்பிக் கொடுக்கிறான். அந்த அறையின் சுவர் சாம்பல் நிறம். ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருக்கிறான். அவன் போடும் சட்டையும் சாம்பல். அலமாரியில் அதைத் தவிர வேறு நிறம் கிடையாது. "சிவப்புச் சட்டை போட்டா மானிட்டர்ல அடிக்கும். கண்ணு ஏமாந்துடும்" என்பான். கடையில் அவனுக்கு 'சாம்பல்' என்றே பெயர். "உன் தம்பி படியேறி வந்தா, மழை மேகம்னு நெனச்சு மொட்டை மாடியில காயப்போட்ட துணிய எடுக்கணும்போல இருக்கு" என்பார் அக்காவின் வீட்டுக்காரர்.

அவனுக்கு எந்தப் படத்தைப் பார்த்தாலும் கோபம் வரும். "எவன்டா எடுத்தவன்?" என்ற கேள்வி இல்லாமல் ஒரு ஃபைலையும் திறக்கமாட்டான். ஊதா விளக்குக்குக் கீழே எடுத்த கல்யாணப் படங்கள் வந்தால், "இது கல்யாணமா, கத்திரிக்கா மண்டியா?" என்று தனக்குத்தானே கத்துவான். பிறகு வேலையைத் தொடங்குவான். படத்தில் வெள்ளையாக இருக்கவேண்டிய பொருள் ஒன்றைத் தேடுவான். மேசை விரிப்பு, சட்டைக் காலர், காகிதத் தட்டு, எதுவும் கிடைக்காவிட்டால் மாப்பிள்ளையின் பல். அதன்மேல் மவுஸை வைத்து ஒரு சொடுக்கு. 'இதுதான் வெள்ளை' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அது. அது நம்பிவிடும். படம் முழுவதும் படிந்திருந்த வேண்டாத சாயம் விலகி, மற்ற நிறங்கள் அதனதன் இடத்துக்கு நகரும். "ஒரே ஒரு வெள்ளை கிடைச்சா போதும். மத்ததெல்லாம் தானா வந்து வரிசையில நிக்கும்." படத்தில் இருப்பது யார், எதற்காக எடுத்தது என்று அவன் கேட்டதே இல்லை. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வான். "நான் மூஞ்சியப் பாக்கறதில்ல. கலரைத்தான் பாக்கறேன்." முதலாளிக்கு இது ரொம்பப் பிடிக்கும். கேள்வி கேட்காதவன் சீக்கிரம் முடிப்பான்.

அக்கா குடியிருக்கும் தெருவில் சில மாதங்களாகக் குழாயில் வெளிறிய தேநீர் நிறத்தில் தண்ணீர் வருகிறது. துணியில் வடிகட்டினால் துணிதான் கெடுகிறது. அவளுடைய சின்னவளுக்கு வயிறு சரியில்லாமல் பள்ளிக்கூடம் பாதி நாள் போகவில்லை. விரலிடுக்கெல்லாம் சொறிந்து சொறிந்து தோல் உரிந்திருக்கிறது. மாடி வீட்டம்மாவின் கைக்குழந்தை மருத்துவமனையில் படுத்து எழுந்து வந்தது. தெருப் பெண்கள் சேர்ந்து தண்ணீர் வழங்கும் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்கள். கடைசியில் அங்கிருந்த அதிகாரி, "சும்மா வாயால சொன்னா எப்படிம்மா? போட்டோ கொண்டாங்க" என்றார்.

எடுத்தார்கள். நிறம் பளிச்சென்று தெரியட்டும் என்று ஆளாளுக்குத் தங்கள் வீட்டு வெள்ளை வாளியில் தண்ணீர் பிடித்து, குளியலறை வெளிச்சத்திலேயே போனில் எடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு, வேலைக்குப் போகிற வழியில் அக்கா ஸ்டூடியோவில் கொடுத்தாள். தம்பி பின்னறையில் இருந்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "பெருசா பிரிண்ட் வேணும்" என்று மட்டும் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சொல்லிவிட்டு ஓடினாள். உள்ளே எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்ற கேள்வி அவளை இன்னும் விடவில்லை. ஆனால் தண்ணீர்க் கதையைப் போனில் அவனிடம் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டியிருக்கிறான். இதில் எது குற்றம், எது வெறும் அவசரம் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. பிரிக்க முடியாததாலேயே இன்னும் எரிகிறது.

வாளிப் படங்களைத் திறந்தவன் வழக்கம்போல, "எவன்டா பாத்ரூம்ல போய் வாளிய எடுத்தவன்?" என்றான். யாரோ வாளி விற்கிறார்கள் என்று நினைத்தானாம். படம் முழுக்க மஞ்சள். மட்டமான பல்பு, மட்டமான போன் என்று அவன் கை முடிவுசெய்துவிட்டது. வெள்ளையைத் தேடினான். வாளியின் பக்கவாட்டில் மவுஸை வைத்துச் சொடுக்கினான். மாதக்கணக்கில் அந்தத் தண்ணீரைச் சுமந்து சுமந்து வாளியே கறையேறிப் பழுத்திருந்தது அவனுக்குத் தெரியாது. கறையைக் காட்டி 'இதுதான் வெள்ளை' என்றான். கம்ப்யூட்டர் நம்பியது. வாளி பால்போல ஆனது. தண்ணீர் அடிவரை தெரிந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் நீலமும் சேர்த்தான். கவுண்டர் பெண்ணைக் கூப்பிட்டு, "பாரு, தண்ணி பாட்டில் விளம்பரத்துக்கே குடுக்கலாம்" என்றான்.

ஒட்டிய உறையை வாங்கிக்கொண்டு பெண்கள் நேராக அலுவலகத்துக்குப் போனார்கள். உறையைப் பிரித்ததே அதிகாரியின் மேசையில்தான்.

அவர் ஒவ்வொரு படமாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் புரட்டினார்.

"ஏம்மா, தண்ணி நல்லாத்தானே இருக்கு? எங்க வீட்லகூட இப்படி வரதில்ல."

அக்கா எட்டிப் பார்த்தாள். வாளி அவளுடையதுதான், உடைந்த கைப்பிடியில் அவள் கட்டிய கயிறு தெரிந்தது. தண்ணீர் அவளுடையதல்ல.

"சார், இது இல்ல சார். இங்க பாருங்க, போன்ல பாருங்க" என்று மாடி வீட்டம்மா நீட்டினாள்.

"போன்ல என்ன வேணா பண்ணலாம்மா. என் பையன் என் தலைல முடி வச்சே காட்டறான்."

ஒருத்தி பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை. "எந்தக் குட்டையில மொண்டதோ, எனக்கென்ன தெரியும்?" என்றார். பெண்கள் ஒரே குரலில் கத்தத் தொடங்கியதும் கையை உயர்த்தினார். "பிரிண்ட்ல ஒண்ணு இருக்கு, போன்ல ஒண்ணு இருக்கு. எது பொய்? பிரிண்ட் போட்ட ஆளக் கூட்டிட்டு வாங்க. 'நான்தான் கலரை மாத்தினேன்'னு என் முன்னால சொல்லட்டும். ஃபைலை மேல அனுப்பறேன், வந்து குழாயத் தோண்டுவாங்க. இல்லன்னா இதோட முடிஞ்சுது. வியாழக்கிழமை வாங்க."

அக்கா ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது கவுண்டர் பெண் எழுந்து வழிவிட்டாள். பின்னறைக் கதவைத் தள்ளி, படங்களை அவன் கீபோர்டின் மேல் போட்டாள்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"ஏன்க்கா? நல்லாத்தானே வந்திருக்கு? ரொம்ப மஞ்சளா இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"மஞ்சளைக் காட்டத்தான்டா எடுத்தோம்!"

அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் பழைய ஃபைலைத் திறந்தான். மஞ்சள் வாளிகள் திரையில் நிறைந்தன.

"பல்புன்னு நெனச்சேன்க்கா."

"பல்பைப் பாத்த. வாளியப் பாத்த. அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்தியாடா? உன் அக்கா பொண்ணு குடிக்கற தண்ணிடா அது!"

"சொல்லியிருக்கலாம்ல? எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளைக்கு எத்தனை படம் வருது தெரியுமா? அவனவன் எடுக்கற கண்றாவிய எல்லாம் நான்தான்..." என்று அவனும் கத்தினான். பாதியில் குரல் இறங்கிவிட்டது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நானே வந்து சொல்றேன்க்கா. வியாழக்கிழமைதானே? முதல் ஆளா வந்து நிக்கறேன்."

கதவோரம் முதலாளி நின்றிருந்தார். அக்கா போகும்வரை பொறுத்திருந்து, சத்தம் போடாமல்தான் பேசினார். அவர் பேசியதைக் கவுண்டர் பெண் பிறகு அக்காவிடம் அப்படியே சொன்னாள்: "நம்ம கடையில படத்த மாத்துவோம்னு அந்த ஆபீஸ்லயே போய்ச் சொல்லப்போறியா? அவங்க ஆபீஸ் அடையாள அட்டை வேலை மொத்தமும் நம்மகிட்டதான்யா வருது. தாராளமா போ. போனா அப்படியே வீட்டுக்குப் போயிடு, இங்க வராத."

வியாழக்கிழமை பெண்கள் கூலியை விட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அக்கா பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம்பிடித்திருந்தாள். உட்காரக் கேட்டவர்களிடமெல்லாம், "ஆள் வருது" என்றாள். தம்பியைக் கூப்பிட்டால் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதையும் அணைத்துவிட்டான். அதிகாரிகூட அன்று கொஞ்சம் நல்ல மனநிலையில் இருந்தார். "வரலியா? சரி விடுங்க. அவர் என்னைக்கு வந்தாலும் ஃபைலைத் திறக்கறேன். வரவரைக்கும் இது அலமாரியில இருக்கும்" என்றார். அது வசதியாகப் போயிற்று. குழாய் தோண்டப்படாத ஒவ்வொரு நாளும் இப்போது அலுவலகத்தின் குற்றமல்ல, தம்பியின் குற்றம். அதிகாரி எழுந்து சாப்பிடப் போனார். அவரை விட்டுவிட்டுப் பெண்கள் எல்லோரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள்.

அக்காவுக்கு முதலாளி சொன்னது தெரியும். தம்பியின் வாடகை தெரியும், அவன் பிள்ளைகளின் படிப்புச் செலவு தெரியும். வேலை போனால் அவன் வீட்டு அரிசியும் தன் தலையில்தான் விழும் என்பதும் தெரியும். அவன் இடத்தில் இருந்தால் தான் போயிருப்போமா என்று துணி துவைக்கும்போது யோசித்துப் பார்ப்பாள். பதில் வருவதற்குள் துவைத்த பள்ளிச் சீருடை பழுப்பாகக் கையில் தொங்கும். உடனே கோபம் எங்கிருந்தோ திரும்பி வந்துவிடும். நியாயமெல்லாம் தெரிந்தும் வருகிற கோபம் அது, எளிதில் ஆறுவதில்லை.

அவன் வருவதை மட்டும் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பெரிய தண்ணீர்க் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறுகிறான். கடைப்பையனிடம் கொடுத்தனுப்பலாம், மாட்டான். மூச்சு வாங்க, வியர்வை காதோரம் வழிய, தானே சுமந்து வருகிறான். படிக்கட்டில் பேசிக்கொண்டிருக்கும் பெண்கள் அவனைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு, சேலையை ஒதுக்கி வழிவிடுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமையும் வந்தான். கேனை வாசலில் இறக்கினான். அக்கா உள்ளே கூப்பிடவில்லை.

"தண்ணி கேட்டேனாடா உன்கிட்ட? ஒரு வார்த்தை கேட்டேன்."

"கல்யாண சீசன் முடியட்டும்க்கா. அப்புறம் அவர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லி..."

"போன மாசமும் சீசன்தான். எவன் எவனோ எடுக்கறதப் பாத்து அந்தக் கத்து கத்துவியே. அந்தத் தொண்டை எங்கடா போச்சு?"

மாடி வீட்டம்மா இடுப்பில் குழந்தையோடு இறங்கி வந்து நின்றாள். அவள் கத்தவில்லை. கடைக்குப் போகிறவரிடம் ஒரு சாமான் வாங்கிவரச் சொல்வதுபோல மரியாதையாகத்தான் கேட்டாள்.

"தம்பி, நாளைக்கு ஆபீஸ் உண்டு. வருவீங்களா?"

அவன் கேனின் முன்னால் குந்தினான். முத்திரைகூடப் பிரிக்காத மூடியை உள்ளங்கையால் பற்றி, இன்னும் ஒரு முறை திருகி இறுக்கினான்.