இந்தப் பெயரில் இங்கு எவரும் இல்லை

"கதவத் தொறந்ததும் மொதல்ல என்ன தெரியும்?"

சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை அறைந்து சாத்தியவள் நான். என் வீட்டு வாசலில், என் பூட்டுக்கு முன்னால் நிற்கும் என்னிடம்தான் பூட்டுக்காரர் இப்படிக் கேட்கிறார். அவர் கீழ் வீடு, நான் மாடி. மூன்று வருடமாகத் தினமும் பார்க்கும் முகம். அதெல்லாம் அவரிடம் செல்லாது. "தெரிஞ்சவங்கன்னா ரெண்டு கேள்வி கூடத்தான் கேக்கணும் தங்கச்சி," என்கிறார், கையில் கம்பியை வைத்துக்கொண்டு. நாற்காலி தெரியும் என்றேன். அதன் மேல் என்ன என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தேன். திருப்தியாகிவிட்டார். இரண்டு நிமிடத்தில் பூட்டு திறந்தது. நாற்காலி தெரியாத அளவுக்கு அதன் மேல் துணி குவிந்து கிடந்தது. நல்லவேளை, அவர் அதைப் பார்க்கவில்லை. பூட்டு விட்டுக்கொடுத்த நொடியிலேயே கதவுக்கு முதுகைக் காட்டி, மாடிப்படிச் சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

"அப்ப பதில் சரியா தப்பான்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"பதில் யாருக்கு வேணும்? பதில் சொல்ற மொகம் போதும். திருடன் டக்குனு சொல்லுவான், பாத்து வச்சிருப்பான்ல. வீட்டுக்காரங்கதான் முழிப்பாங்க. தொறந்துட்டா என் வேல முடிஞ்சுது. உள்ள இருக்கறது அவங்க பாடு."

பிறகு ஒரு நீள நோட்டை நீட்டினார். கேள்விக்குப் பதில் சொன்னவர் யாரோ அவரேதான் அதில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதிலுக்கு முகவரி அச்சடித்த சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார். கீழ் வீட்டு முகவரி எனக்குத் தெரியாதா என்று கேட்டால் பதில் வராது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஒல்லி உடம்பு, கிட்டே வந்தால் இரும்புத்தூள் வாசனை. பூட்டின் உள்ளே நடப்பதைக் கேட்டுக் கேட்டுத் தலை இடது பக்கமாகச் சாய்ந்தே போய்விட்டது. மனிதர் பேசும்போதும் அதே சாய்வுதான். நாம் சொல்வதில் எந்த இடத்தில் இடிக்கிறது என்று கேட்கிறாரோ என்று தோன்றும். வீட்டின் முன்னறைதான் கடை. சாவி அறுக்கும் இயந்திரம், சுவர் முழுக்கப் பல் வெட்டாத சாவிகள், தலையைத் திருப்பாமலே வாசல் கேட் தெரியும்படி சாய்த்து மாட்டிய ஒரு கண்ணாடி. கேட்டில் தொங்கும் தபால்பெட்டியை அவரே தகரம் வெட்டிச் செய்தார். அதன் பூட்டும் அவர் கைவேலை. அதற்கு ஒரே சாவி. அது அவர் இடுப்புக் கயிற்றில்.

"அடுப்புக்கு மட்டும்தான் இன்னும் பூட்டுப் போடல," என்பார் அவர் மனைவி. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன்.

இலவசமாக வரும் நாள்காட்டியைப் பூட்டுக்காரர் வாங்க மாட்டார். தவறிய அழைப்புக்குத் திரும்பக் கூப்பிட மாட்டார். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் காலையில் சிரித்துவிட்டுப் போனார் என்பதற்காக இரண்டு நாள் யோசித்தார். "சும்மா சிரிக்கிறவன் சும்மா சிரிக்க மாட்டான்." அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் கேலி செய்வதுண்டு. ஆனால் அவர் பயத்துக்குக் காரணம் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அது பூட்டு திறக்கும் உரிமம். புகைப்படம், கைரேகை, நம்பர். வருடத்துக்கு இரண்டு முறை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். அவர் பெயரில் ஒரு புகார், ஒரே ஒரு சந்தேகம் வந்தாலும் அந்தக் காகிதம் போய்விடும். காகிதம் போனால் தொழில் போகும், தொழிலோடு முன்னறையும் போகும்.

அப்படிப்பட்டவர் பெட்டிக்குத்தான் அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது.

வெள்ளை உறை. கதவு எண், தெரு எல்லாம் அட்சரம் பிசகாமல் அவருடையது. பெயர் மட்டும் யாரோ ஒரு பெண்ணுடையது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். அனுப்பியவர் இடத்தில் வேறொரு ஊரின் தபால்பெட்டி எண், அவ்வளவுதான். உறையின் ஒரு மூலையைக் குறட்டால் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"தங்கச்சி, இந்தப் பேருல யாரையாச்சும் தெரியுமா?"

"தெரியாதே."

"ரொம்ப டக்குனு சொல்றீங்களே."

காலையில் அவர் கட்சி, வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று வேவு பார்க்க எவனோ போட்ட கடிதம். "ரெண்டு நாள் பெட்டியிலயே கெடந்தா ஆள் ஊர்ல இல்லன்னு அர்த்தம்." மாலைக்குள் கட்சி மாறிவிட்டது. "நம்ம அட்ரஸ வச்சு எவளோ சிம் கார்டு வாங்குறா. நாளைக்கு ஏதாச்சும் ஆனா மொதல்ல யார் கதவத் தட்டுவாங்க? பூட்டுத் தொறக்கத் தெரிஞ்சவன் கதவத்தான்." சொல்லும்போது கண் சுவரில் இருந்த உரிமத்துக்குப் போய்விட்டு வந்தது.

பிரித்துப் பார்த்துவிட்டால் போகிறது என்றேன். ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போல என்னைப் பார்த்தார். "உரியவங்க முன்னால நிக்காம நான் எதையும் தொறந்ததில்ல. பீரோன்னா என்ன, கவர்னா என்ன?"

அக்காவின் சந்தேகம் வேறு தினுசு. என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "இருபத்தாறு வருஷமா இந்த மனுஷனுக்கு ஒரு லெட்டர் வந்ததில்ல. இப்ப பொம்பள பேருல வருது. தொறக்காத பூட்டே இல்லன்னு ஊரே சொல்லுது, இந்தக் கவரை மட்டும் தொறக்க மாட்டாராம். அப்ப உள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியும்னுதானே அர்த்தம்? மடியில கனம் இல்லன்னா வழியில எதுக்குப் பயம்?"

பூட்டுக்காரர் உறையின் மேல் சிவப்பு மையில், பெரிய எழுத்தில், 'இந்தப் பெயரில் இங்கு எவரும் இல்லை' என்று எழுதினார். தபால் நிலையத்துக்கு நடந்தே போனார். பெட்டியில் போடுங்கள் என்றார்களாம். முடியாது என்று நின்று, திருப்பிக் கொடுத்ததற்கு அத்தாட்சியாகத் தன் நோட்டில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வந்தார். பத்து நாள் கழித்து இரண்டாவது கடிதம். அதே சிவப்பு மை, எழுத்து இன்னும் பெரியது. அதற்குள் கீழ் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோய், இருவரும் என் மூலமாகச் சேதி சொல்லி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள்.

மூன்றாவது, பழுப்பு உறையில் கனமாக வந்தது. மேலே அச்சில்: 'அவசரம். உடனே பிரித்துப் படிக்கவும்.'

"அவசரப்படுத்துறவன்கிட்டதான் நிதானமா இருக்கணும்," என்றார். "இத நான் திருப்பி அனுப்பப் போறதில்ல. இது யாருக்கு வேணுமோ அவங்களே வருவாங்க." கடிதத்தை மறுபடி பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். மூன்று நாள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இயந்திரத்தின் பக்கத்திலேயே சாப்பாடு.

மூன்றாம் நாள் மதியம் மூன்று மணி. கடைக்குப் போய்விட்டு நான் கேட்டருகே வரும்போது, ஒரு பெண் தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டுப் பெட்டியின் வாயில் விரலை விட்டுக்கொண்டிருந்தாள். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது, தோளில் துணிப்பை. பூட்டுக்காரர் பாய்ந்து வந்தார். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. எங்கள் இருவரையும் உள்ளே விட்டு கேட்டைப் பூட்டினார். ஈரக் கையோடு அக்காவும் வந்துவிட்டார்.

"போலீஸக் கூப்பிடவா, நீயே சொல்றியா?"

"அது என் லெட்டருங்க," என்றாள்.

"உன்னுதுன்னா உள்ள என்ன இருக்கு, சொல்லு."

அவள் விழித்தாள். "எனக்கு எடம் கெடைச்சிருக்குன்னு இருக்கலாம். இல்லன்னும் இருக்கலாம். தெரியாதுங்க. தெரிஞ்சா நான் ஏன் இப்படி நடுங்கிக்கிட்டு நிக்கப் போறேன்?"

பூட்டுக்காரரின் தலை மெல்ல இடது பக்கம் சாய்ந்தது.

"ஊர்ல வேற வீடே இல்லையா? எங்க வீட்டு அட்ரஸுதான் கெடைச்சுதா?" என்றார் அக்கா.

அவள் பையிலிருந்து மடித்து மடித்துப் பழசான ஒரு சீட்டை எடுத்தாள். பூட்டுக்காரர் கிழித்துக் கொடுக்கும் சீட்டு. "ஆறு மாசத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்தீங்க. பச்சை பீரோ."

அவருக்கு முகம் நினைவிருக்காது, பூட்டு நினைவிருக்கும். "ரெண்டு தடவ வழுக்குச்சே, அந்தப் பூட்டா?" என்றவர் ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்து புரட்டினார். அந்தப் பெயர் இருந்தது. கையெழுத்தோடு, தேதியோடு. ஒரு மாதமாக ஊர் உலகத்தையெல்லாம் சந்தேகப்பட்டவர், என்னையும்தான், தன் நோட்டை மட்டும் நம்பிச் சும்மா விட்டிருந்தார்.

அவள் கதை நான்கு வரிதான். அண்ணன் வீட்டில் இருக்கிறாள். வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் அண்ணன் பிரித்துப் படிப்பார். பிடிக்காதது அடுப்புக்குப் போகும். வெளியூரில் நர்ஸ் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் பீரோவைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்ததும், அண்ணன் பூட்டுக்காரரைக் கூட்டி வந்துவிட்டார்.

"தொறந்தா மொதல்ல என்ன தெரியும்னு அண்ணனக் கேட்டீங்க. அவருக்குத் தெரியல. யாரோட பீரோன்னு கேட்டு, என்னை வரச் சொன்னீங்க. தொறக்கலாமாம்மான்னு கேட்டீங்க. அந்த வீட்டுல என்னை அப்படி யாரும் கேட்டதில்லீங்க. அதான் இந்தச் சீட்ட வச்சுக்கிட்டேன். கேட்டா வேணாம்னுடுவீங்களோன்னு, கேக்காமலே இந்த அட்ரஸக் குடுத்துட்டேன்."

"நீ தலையாட்டினியேம்மா?"

"அண்ணன் பக்கத்துல நின்னாரு, ஆட்டினேன். நீங்க தொறந்துட்டுச் சுவர் பக்கம் திரும்பிட்டீங்க. அண்ணன் ஃபைல எடுத்துக்கிட்டாரு. என் சர்டிபிகேட் எல்லாம் அதுலதான் இருந்துச்சு. அப்புறம் ஸ்கூல்ல அலைஞ்சு நகல் வாங்கி அனுப்பினேன்." குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

பூட்டுக்காரர் நோட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பெண்ணைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது. பெட்டியைத் திறந்து, உறையை எடுத்து, மெல்லிய கத்தி ஒன்றோடு சேர்த்து அவளிடம் நீட்டிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

அவளால் படிக்க முடியவில்லை. என்னிடம் தந்தாள். சத்தமாகப் படித்தேன். பயிற்சிக்கு அவளுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அனுப்பிய இரண்டு கடிதங்களும் 'இந்தப் பெயரில் இங்கு எவரும் இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டன. வரும் திங்கட்கிழமைக்குள் முகவரியை உறுதி செய்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். எழுதினாலும், இடம் இன்னும் இருக்கிறதா என்பதைப் பிறகுதான் தெரிவிப்பார்கள். அன்று புதன்கிழமை.

"அந்தக் குறிப்பு என் கையெழுத்து," என்றார் பூட்டுக்காரர். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அழுதாள். அக்கா போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் தன் பதிலை எழுதினாள். அதோடு வைக்க அவரும் ஒன்று எழுத உட்கார்ந்தார். நான்கு தாள் கிழிந்தது. ஐந்தாவதில்: 'இந்தப் பெயருக்கு உரியவர் இந்த முகவரியில் கடிதம் பெறுகிறார். இரண்டு முறை திருப்பி அனுப்பியது என் பிழை.' பிறகு எழுந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரருகே போய், உரிமத்தின் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்துத் தன் பெயருக்குக் கீழே எழுதினார். தொலைபேசியில் யார் கேட்டாலும் சொல்லாத எண்.

"அந்த நம்பர் எதுக்கு?" பல நாளைக்குப் பிறகு அக்கா அவரோடு நேராகப் பேசினார். "அந்த அண்ணங்காரன் நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போனா என்ன பண்ணுவீங்க?"

"போகட்டும். பேரு இல்லாம எழுதுறவன யாரு நம்புவா? நானே நம்ப மாட்டேன்."

விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தவர் இயந்திரத்தைப் போட்டார். இடுப்புக் கயிற்றிலிருந்த சாவியைக் கழற்றி ஒரு பக்கம் பொருத்தி, மறு பக்கம் பல் வெட்டாத சாவி ஒன்றை வைத்தார். இரும்புத்தூள் பறந்தது. ஓரங்களை அரத்தால் தேய்த்து, சட்டையில் துடைத்து, அவளிடம் கொடுத்தார். "எனக்கே குடுத்ததில்ல," என்று அக்கா என் காதில் சொன்னார். கோபமாகச் சொன்னாரா என்று பார்த்தேன். கோபம் இல்லை.

நேற்று காலை தபால்காரர் வெள்ளை உறை ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனதை அவரும் கண்ணாடியில் பார்த்தார், நானும் மாடியிலிருந்து பார்த்தேன். எடுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்கக்கூட அவர் முகம் இடம் கொடுக்கவில்லை. மூன்று மணி வரை இயந்திரம் ஓடவே இல்லை.

அவள் வந்தாள். கைக்குட்டை முடிச்சிலிருந்து சாவியை எடுத்தாள். சாவி இரண்டு முறை துளை தவறியது. பூட்டுக்காரர் கடையிலிருந்து இறங்கிப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். பூட்டு திறந்த சத்தம் கேட்டது. வழக்கம்போல் முதுகைக் காட்டித் திரும்பினார். இந்த முறை முகம் தெருவைப் பார்த்திருந்தது. இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, அவள் படித்து முடிக்கும்வரை, தெருவின் இந்த முனையையும் அந்த முனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.