கிராணியார் எரித்துக் கொடுத்த சிடி

கிராணியாரின் மகள் வசந்தி போன் செய்தபோது நான் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மருமகள் போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்தாள். "அங்கிள், அப்பா மோசம் போயிட்டார்" என்றது அந்தப் பிள்ளை. எங்கள் பேச்சில் மோசம் போவது என்றால் ஏமாந்து போவது. அதனால் நான், "யாரும்மா ஏமாத்துனது? கம்ப்யூட்டர் கடைக்காரனா?" என்று கேட்டேன். "இல்லை அங்கிள், அப்பா செத்துப்போனார்" என்று உடைத்துச் சொன்னது. அதற்குப் பிறகும் என் மண்டைக்குள் அந்தக் கடைக்காரன்தான் நின்றுகொண்டிருந்தான். யாழ்ப்பாணத்துக்காரர்கள் சாவை அப்படித்தான் சொல்வார்கள் என்று மருமகள் விளக்கினாள். இத்தனை காலம் அவரோடு பழகியும் அந்த ஒரு சொல் மட்டும் என் காதில் விழாமலே இருந்திருக்கிறது.

முப்பத்தொன்றாம் நாளுக்குப் போடும் நினைவு மலரில் நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வசந்தி கேட்டது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். கிராணியார் தில்லையம்பலத்தை உங்களுக்கெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆபீசிலும் கோயிலிலும் அவர் செய்ததை நீங்கள் சொல்வீர்கள். எனக்குத் தெரிந்தது ஒரு சிடியின் கதை. அதிலும் பாதி இன்னும் எனக்கு விளங்கவில்லை.

ரயில்வேயில் அவர் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா; நான் தண்டவாளம் போடும் கும்பலில் ஒருவன். வேலை பார்த்த காலத்தில் எங்களுக்குள் பேச்சு கிடையாது. சம்பளச் சன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் மூக்குக்கண்ணாடி தெரியும், அவ்வளவுதான். இருவரும் ஓய்வு பெற்ற பிறகு அவர் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ஒரே மேசையில் உட்கார நேர்ந்தது. பேச்சுவாக்கில் டேப்பைப் பற்றிச் சொன்னேன். என் மகள் கல்யாணத்தை வீடியோ எடுத்த டேப் அது. என் மனைவி பாக்கியம் இறந்த பிறகு அவள் நடப்பதும் பேசுவதும் அதில் மட்டும்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அதைப் போட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று போன கடையில் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். கிராணியார் மோர் மிளகாயைக் கடித்தபடி, "கொண்டு வாரும், பார்ப்பம். என்ர மெஷின்தானே கெடும்" என்றார்.

டேப்பை வெளியே இழுத்துப் பஞ்சால் துடைத்துத் துடைத்துச் சுற்றினாராம். ஒரே ஒரு தடவை அது முழுதாக ஓடியிருக்கிறது. ஓடும்போதே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். மறுபடி போட்டபோது அறுந்துவிட்டது. அதை அவர் என்னிடம் மறைக்கவில்லை. போனில் கூப்பிட்டு, "டேப் அறுந்து போச்சுது முத்துசாமி. ஆனா நீர் பயப்படாதையும், நான் எல்லாத்தையும் எரிச்சுப்போட்டன்" என்றார்.

கிள்ளானிலிருந்து ரயில் ஏறி எப்படிப் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் வீட்டுக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "எம் பொண்டாட்டிய நான் ஒருவாட்டி எரிச்சது பத்தலையா கிராணியாரே? நீங்க வேற எரிக்கணுமா?" என்று கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு சிடியைக் கொண்டுவந்து காட்டினார்.

"உமக்கு விசரே? எரிக்கிறதெண்டா இதில பதியிறது. இங்கிலீசில அப்பிடித்தான் சொல்லுறவங்கள்."

"பதியறதுக்கு எதுக்குங்க எரிக்கணும்?"

"அதை என்னட்டக் கேட்டா? எனக்கும் தெரியாது. வந்து தேத்தண்ணி குடியும்."

அந்த சிடி அவர் வீட்டில் ஓடியது; தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, மீதியை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி வந்தேன். என் வீட்டில் ஓடவில்லை. சிடி போடுகிற பெட்டிக்குள் தள்ளினால் கர் கர் என்று தேடிவிட்டு, சிடியே இல்லை என்று டிவியில் எழுத்து வருகிறது என்றாள் மருமகள். கையால் போட்ட எனக்கே சிடி இல்லை என்று சொல்கிறது. ஆனால் பாசார் சந்தையில் வாங்கிய படங்கள் எல்லாம் அதே பெட்டியில் நன்றாக ஓடின. கிராணியார் வேறொன்று எரித்துக் கொடுத்தார். அப்புறம் மெதுவாக ஓடவிட்டு எரித்தால் சரியாகும் என்று ஒன்று. தங்க நிறத்தில் ஒன்று. மேலே ஒட்டிய காகிதம்தான் கோளாறு என்று அதை ஒட்டாமல் ஒன்று. எல்லாம் அவர் வீட்டில் ஓடும், என் வீட்டில் ஓடாது. பாக்கியத்துக்கு இந்த வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லையோ என்றுகூட எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. அதை அவரிடம் சொன்னதற்கு, "விசர்க் கதை கதையாதையும்" என்று அதட்டினார்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிப் பார்த்தால் என்ன என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னது நினைவிருக்கிறது. "ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்த வேணும். ரெண்டை மாத்தினா, ஓடினாலும் ஏன் ஓடினதெண்டு தெரியாமப் போயிடும்."

"ஓடுனா போதும்லா. ஏன்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

"எனக்குத் தெரிய வேணுமப்பா" என்றார்.

கடைசியில் அவரே பண்டமாரானுக்கு வந்தார். "நீர் எப்பிடிப் போடுறீர் எண்டு நான் பார்க்க வேணும். நான் இல்லையெண்டு நினைச்சுப் போடும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். சிடியைச் சாமி மேடைக்குக் கொண்டுபோய், பாக்கியத்தின் படத்துக்கு முன்னால் வைத்து, விபூதியை எடுத்துப் பட்டையாகப் பூசினேன். பளபளவென்று முகம் தெரிகிற பக்கம்தானே முன்பக்கம், அந்தப் பக்கம் பூசினேன். உள்ளே இருப்பது அவள், வெறும் நெற்றியாக எப்படி அனுப்புவது? பிறகு லேசாகத் தட்டிவிட்டுப் பெட்டிக்குள் தள்ளினேன்.

கிராணியார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "நான் எரிச்சனெண்டு சொல்லி நீர் திருநீறும் பூசிப்போட்டீரே" என்றார். மருமகள் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள்.

பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே மீன் கண் மாதிரி சின்னக் கண்ணாடி, அதன்மேல் விபூதி. கடையில் வாங்குகிற சிடி நல்ல பளிச்சென்று இருப்பதால் மங்கிப்போன கண்ணுக்கும் தெரியுமாம். வீட்டில் எரித்தது அவ்வளவு பளிச்சென்று இராது, அதனால் தெரியவில்லையாம். அப்படித்தான் சொன்னார், நான் தலையை ஆட்டினேன். பஞ்சால் ஒற்றி எடுத்தார். சிடியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். பூசாதே என்று என்னிடம் சொல்லவில்லை. "சிடிக்கு வேண்டாம் முத்துசாமி. அது இருக்கிற உறைக்குப் பூசும்" என்றார்.

ஓடியது. பாக்கியம் வந்தாள். பந்தி நடக்கிற இடத்தில் சாம்பார் வாளியோடு நின்று, வீடியோக்காரப் பையனைப் பார்த்து, "தம்பி சாப்ட்டியா இல்லியா? வந்ததுலேர்ந்து இதத் தூக்கிக்கிட்டே சுத்துறியே" என்றாள். அவள் அந்தப் படத்தில் பேசுவது அது ஒன்றுதான். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆண் குரல், "ஓம் ஓம், பிறகு சாப்பிடுறன், பசிக்கேல்லை" என்றது.

அது கிராணியார் குரல். அந்தக் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், எந்தப் பந்தியில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். கிராணியார் வரவில்லை. "நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்டேன். அவர் வெட்கப்பட்டு முகத்தைத் தடவிக்கொண்டார். டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது மைக்கை நிறுத்த மறந்துவிட்டாராம். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். "வாற கிழமை என்ர குரலை எடுத்துப்போட்டுத் தாறன்" என்றார். சரி, செய்யுங்கள் என்றேன். எனக்கு அவள் குரல் மட்டும் போதும் என்று நினைத்தேன்.

கொடுப்பதற்குள் அவர் போய்விட்டார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போனபோது வசந்தி என் கையில் ஒரு சிடியைக் கொடுத்தது. "அப்பா உங்களுக்கெண்டு கடைசியா எரிச்சது, அங்கிள்." வீட்டுக்கு வந்து போட்டோம். பந்தி வருகிறது, வாளியோடு பாக்கியம் வருகிறாள், வாய் அசைகிறது. சத்தம் இல்லை. அந்த இடத்தில் இரண்டு குரலும் ஒன்றாகவே பதிந்துவிட்டதால், அவருடையதை எடுத்தால் அவளுடையதும் போய்விடும் என்று மருமகள் சொல்கிறாள். கிராணியார் அதை ஓட்டிப் பார்த்தாரா? பார்த்திருந்தால், இன்னொன்று எரிக்கலாம் என்று வைத்திருந்தாரா? வசந்திக்கும் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்று எனக்குப் புரியவில்லை.

உங்களில் ஒவ்வொருவரும் அவருடையது ஏதாவது வைத்திருப்பீர்கள். நான் வைத்திருப்பது பழைய சிடியை, உறைக்கு மட்டும் விபூதி பூசி. என் மனைவியும் அவரும் உயிரோடு இருந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இந்த சிடியில் அவள் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள், அவர் பிறகு என்கிறார். அந்த இடம் வந்ததும் மருமகள் எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள்.