தலைவர் இல்லாத தெரு

ஒரு தெருவை நான் கெடுத்தேன். கெடுத்துவிட்டு, அந்தத் தெருவின் மீதே பழியை எழுதிக் கொடுத்தேன். இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. விழுப்புரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளனாக இருந்தேன். சிற்றூர்களில் தாய்சேய் நலப்பணி தொடங்கவிருந்தார்கள். அதில் எங்களோடு சேர்ந்து உழைக்கக்கூடிய உள்ளூர் மன்றங்களையும் சங்கங்களையும் தேடிப் பிடித்து, விசாரித்து, அறிக்கை தர வேண்டும். கோலியனூரிலிருந்து திண்டிவனம் வரை என் பங்கு.

எத்தனை எரிச்சல் தெரியுமா அந்த வேலையில்! பெயர்ப்பலகை இருக்கும், மன்றம் இருக்காது. ஓர் ஊரில் இளைஞர் மன்றத்தின் பலகையை ஆட்டுப்பட்டிக்குத் தடுப்பாக வைத்திருந்தார்கள். இன்னோர் இடத்தில் யாரோ ஒரு நடிகரின் ரசிகர்கள் கலர் சோடா வாங்கிக் கொடுத்து உபசரித்துவிட்டு, கேரம்போர்டு கிடைக்குமா என்றார்கள். ஒரு பஜனைக் குழுவுக்கு ஒலிபெருக்கி வேண்டியிருந்தது. குழந்தைகளைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே கொட்டாவி விட்டார்கள். அலுவலகத்துக்குத் திரும்பினால், இன்னுமா ஒன்றுகூட அகப்படவில்லை என்ற கேள்வி. வெயிலில் பேருந்துக்குக் காத்துக் காத்து, மனிதர்கள் மேலேயே எனக்கு வெறுப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் அந்தத் தெருவைக் கண்டேன்.

பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒற்றைத் தெரு. பாதி வீடுகள் பழைய இந்து உழவர் குடும்பங்கள், பாதி கத்தோலிக்கர். ஒரு வீட்டு வாசற்காலில் மாட்டுக் கழுத்து மணியொன்று தொங்கியது. எதற்கு என்று கேட்டேன். வீட்டுக்காரர் சவரிமுத்து விளக்கினார். மணி இருக்கும் வீட்டார் அந்த வாரம் தங்கள் மாடுகளை வேலைக்கு ஓட்டக் கூடாது. தெருவில் யாருக்குப் பிள்ளைவலி வந்தாலும், யாரைப் பாம்பு கடித்தாலும், அவர்கள் வண்டிதான் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை மணி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மாடு வைத்திருக்கும் எல்லா வீட்டுக்கும் முறை உண்டு.

என் உள்ளம் துள்ளியது... இதைத்தானே இத்தனை நாளாகத் தேடினேன்! சவரிமுத்துவின் மருமகள் ஆரோக்கியமேரி, வயிற்றுப்பிள்ளைக்காரி, வேகவைத்த மல்லாட்டையை, அதுதான் நிலக்கடலையை, முறத்தில் கொண்டுவந்து வைத்தாள். தின்றுகொண்டே படிவத்தை எடுத்தேன். உங்கள் தலைவர் யார் என்று கேட்டேன்.

"தலைவரெல்லாம் யாரும் இல்லீங்க சார். மணி எந்த வூட்ல இருக்குதோ அவங்க வண்டி கட்டிக்கினு போவாங்க. அவ்ளோதான்."

தலைவர் இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிட்டு, வேலை எப்படி நடக்கிறது என்று எழுதினால் போதும். பயிற்சியில் அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். எனக்கு நன்றாகத் தெரியும்! ஆனாலும் அந்த வெற்றிடம் என்னை உறுத்தியது. நான் கண்டுபிடித்த தெரு அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும், அலுவலகத்தில் என்னை மெச்ச வேண்டும்... அதுதான் ஆசை. வேறென்ன!

தெருவாரைக் கூட்டினேன். தலைவர் இல்லாத ஊரை எந்த நிறுவனமும் சேர்த்துக்கொள்ளாது என்று பொய் சொன்னேன். யாரைச் சொல்வது என்று அவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். எனக்கோ பேருந்துக்கு நேரமாகிவிட்டது. முன்னால் சட்டை போட்டுக்கொண்டு நின்ற கோவிந்தசாமி என்ற உழவரைக் காட்டி, இவரே இருக்கட்டும் என்றேன். யாரும் மறுக்கவில்லை. சவரிமுத்து மட்டும் வீட்டுக்குள் போய்விட்டார். அதைப் பார்த்தேன். பார்த்தும், பேருந்தைப் பிடிக்க ஓடினேன்.

சில மாதங்கள் கழித்து மறுபடி போனேன். பெரிய சாலையில் இறங்கியதுமே பெட்டிக்கடைக்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சங்கத்துப் பொருள் தலைவர் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று கோவிந்தசாமி மணியைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாராம். தலைவர் ஏன் வண்டி கட்ட வேண்டும் என்று அவருடைய மாடுகள் வழக்கம்போல ஏருக்குப் போயினவாம். அப்படியானால் நாங்கள் மட்டும் எதற்கு என்று சவரிமுத்துவும் மற்றக் கத்தோலிக்க வீட்டாரும் வேறொரு சங்கம் தொடங்கி, பலகையும் மாட்டிவிட்டார்களாம். மாடுகளை வீட்டில் நிறுத்திவைக்க ஒருவரும் இல்லை.

ஆரோக்கியமேரிக்கு வலி கண்டது பட்டப்பகலில். தெருவில் ஒரு மாடுகூட இல்லை. சவரிமுத்துவின் மாடுகளே மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போயிருந்தன. மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் பெரிய சாலைவரை நடந்தாள். பேருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தை பிழைக்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? தெருவுக்குள் போகவே இல்லை. கோவிந்தசாமியிடம் போய், நான் சொன்னது பொய், மணியை மறுபடி சுற்றில் விடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை! அதற்குக்கூட எனக்குத் துணிவு இல்லை. எதிர்ப்பக்கம் வந்த பேருந்தில் ஏறி விழுப்புரம் திரும்பினேன். "உட்பூசல் மிகுந்த தெரு, கூட்டுப்பணிக்குத் தகுதியில்லை" என்று அறிக்கை எழுதினேன். அந்தப் பூசல் எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நலப்பணி வேறோர் ஊருக்குப் போயிற்று.

அடுத்த ஆண்டு திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு விரைந்து வந்தாள். ஆரோக்கியமேரி! தெரிந்துவிட்டதோ? நாலு பேர் நடுவில் கேட்கப் போகிறாளோ? கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்...

"எங்க நல்லதுக்குத்தான சார் அவ்ளோ தூரம் வந்தீங்க. நாங்கதான் சண்ட போட்டுக்கினு எல்லாத்தையும் கெடுத்துட்டோம். மனசுல வச்சிக்காதீங்க சார்."

"பரவாயில்லம்மா" என்றேன்.

ஆம், அப்படித்தான் சொன்னேன்! அவள் காலில் விழ வேண்டியவன், பெருந்தன்மையாக அவளை மன்னித்தேன். அவள் முகம் தெளிந்தது. மயிலம் பேருந்தில் ஏறி உட்கார்ந்து, சன்னல் வழியாக என்னைக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

அந்தத் தெருவுக்குப் போய், நான்தான் என்று சொல்ல இன்றுவரை எனக்குக் கால் வரவில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன்... அவளிடம் சொல்லவில்லையே!