டர்பைன் எஞ்சினுக்காக மூடிய கேட்

திருத்துறைப்பூண்டிக்கு முந்தின ரயில்வே கேட்டில் எங்கள் பஸ் நிற்கிறது. முன்னால் ஒரு மிராசுதாரின் கார். இரு பக்கமும் முற்றிய நெல் அறுக்கப்படாமல் சாய்ந்து கிடக்கிறது. கூலித் தகராறு. வரப்பில் சங்கத்துச் செங்கொடி.

கார் விடாமல் ஹாரன் அடிக்கிறது. நான் இறங்கிப் போய், "என்னங்க வருது?" என்று கேட்கிறேன்.

"புது எஞ்சினுங்க, சோதனை ஓட்டம். கரியே போட வேணாமாம், ஏரோப்பிளேன் மாதிரி டர்பைன்ல ஓடுதாம்" என்கிறார் கேட்கீப்பர். "என் தம்பிதான் அதுல அசிஸ்டென்ட் டிரைவர்."

"கார்க்காரர் கோபமா இருக்காரே?"

"அவர் பண்ணையிலதான் எங்கப்பா ஏர் ஓட்டினாரு. இந்தக் கார் வந்தா ரோட்டை விட்டு வயல்ல இறங்கி நிப்போம். இன்னைக்கு அவர் நிக்கட்டுங்க."

கூவென்ற ஒரே இரைச்சலோடு எஞ்சின் வருகிறது. என் உள்ளங்கால் அதிர்கிறது. அதன் சன்னலில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கையை உயர்த்துகிறார். கேட்கீப்பர் பச்சைக் கொடியை நீட்டிப் பிடித்து விறைப்பாக நிற்கிறார், முகமெல்லாம் சிரிப்பு.

மிராசுதார் காரை விட்டு இறங்கியிருக்கிறார். "யாருடா அது, கை காட்டினது?"

"என் தம்பிங்க. உங்க பண்ணையில ஏர் ஓட்டினவர் மகன்."

கேட் திறக்கிறது. மிராசுதார் இன்னும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இப்போது எங்கள் பஸ் ஹாரன் அடிக்கிறது.