மூன்றாவது சிலிண்டரின் சுவர்

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை ஸ்மைலின், பெமிலாவிடம் சமையல் தெரியுமா என்று கேட்கவில்லை. வீட்டை ஒட்டியிருந்த ஒர்க்‌ஷாப்புக்குள் எட்டிப் பார்த்தான். மேசைமேல் பிரித்துப் போட்டிருந்த நாலு சிலிண்டர் எஞ்சினைக் கண்டு, "சிலிண்டர் சொவருக்கக் கனம் அளந்தியா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள்.

ஒர்க்‌ஷாப் அவள் அப்பா ஜான்ரோஸுடையது. தேய்ந்த சிலிண்டரை உள்பக்கமாகக் கடைந்து சீராக்கும் போரிங் வேலை. அருமனைச் சுற்றுவட்டாரத்து ஜீப்பும் டெம்போவும் அங்கேதான் வரும். மெக்கானிக்கல் படித்து முடித்த பெமிலா ஆறு வருடமாக அப்பாவுடன் நிற்கிறாள். சிக்கலான வேலையெல்லாம் அவள் கையில்தான். ஆனாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள், "ஜான்ரோஸ் அண்ணன் போரு போட்டா ஒரு சத்தம் கேக்காது" என்றுதான் சொல்லிப் போவார்கள். அண்ணனும் தலையை ஆட்டிக்கொள்வார். இது பெமிலா கட்டியது என்று நாலு பேர் சொல்லும்படி ஒரு எஞ்சினாவது வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

மேசைமேல் கிடந்தது அந்த எஞ்சின். உடைக்கப் போட்டிருந்த ஒரு சின்னக் காரிலிருந்து எடுத்தது. ஆயிரத்து முந்நூறு சிசி. பழைய ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு மறுநடவுக்குப் போட்டிருக்கும் தோட்டத்தில் வருடா வருடம் மண் தட ரேஸ் நடக்கும். சின்ன வண்டிகளுக்கு ஆயிரத்து நானூறு சிசி வரைக்கும் அனுமதி. அதில் ஓட விடத்தான் பெமிலா இந்த எஞ்சினையும் அது ஏற ஒரு பழைய வண்டியையும் தயாராக்கிக்கொண்டிருந்தாள். சிசியைக் கூட்ட இரண்டு வழி உண்டு. சிலிண்டரை அகலமாகக் கடையலாம். அல்லது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை நீட்டும்படி வேறு கிராங்க் போடலாம். கடைந்தால் சுவர் மெலியும். சுவருக்கு அந்தப்பக்கம் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறது.

ஸ்மைலினுக்கு வளைகுடாவில் எண்ணெய்க் குழாய்களின் கனம் அளக்கும் வேலை. குழாய் மெலிந்திருந்தால் 'கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட அவனுக்கு அதிகாரம் உண்டு. லீவுக்கு வந்திருந்தவன், நண்பனிடமிருந்து அளக்கும் கருவியை வாங்கிவந்தான். இருவரும் ஒரு மத்தியானம் முழுக்க எஞ்சினைத் தடவித் தடவி அளந்தார்கள். ஒன்று, இரண்டு, நான்கு நன்றாக இருந்தன. மூன்றாவது மட்டும் ஒரு பக்கம் மெலிந்திருந்தது. வார்க்கும்போதே விலகிய அச்சு.

"இதுல அர மில்லிமீட்டருக்கு மேல தொடப்பிடாது" என்றாள் பெமிலா. "மிச்சத்த கிராங்க்ல எடுப்போம். ஆயிரத்து முந்நூத்தி அறுவது வரும்."

"அதே. நானானாலும் அதான் எழுதுவேன்" என்றான் அவன்.

அவள் வாழ்க்கையில் கேட்ட முதல் மரியாதை அது. கிராங்க்கைத் தேடிப் பிடித்தாள். அரை மில்லிமீட்டர் கடைந்து, பிஸ்டனுக்குச் சொல்லி வைத்தாள்.

கல்யாணப் பேச்சு சீதனத்தில் வந்து நின்றபோதுதான் கதை மாறியது. சீதனத்தைச் சட்டம் குற்றம் என்கிறது. சபையில் குருவானவர் வருடம் ஒருமுறை பாவம் என்கிறார். சொல்லிவிட்டுப் போய், சீதனக் காரின்மேல் கைவைத்து ஜெபிக்கிறார். எம்.எஸ்ஸி. படித்த பெண்ணையும் காரோடுதான் அனுப்புகிற மாவட்டம் இது. படிப்பறிவில் முதலிடம் என்று பீற்றிக்கொள்வதும் இதே மாவட்டம்தான்.

ஸ்மைலினின் தாய்மாமன் எபிசன் கேட்டது நகையும் ஒரு புதுக் காரும். கூடவே இன்னொன்று: "அந்த ரேஸ் வண்டியும் எங்க பயலுக்குத்தானே? அவனுக்கும் ஆசைதான், கேட்டேளா."

ஜான்ரோஸ், "அவனுக்குத்தான், அவனுக்குத்தான்" என்றார். உள்ளே காப்பி எடுத்துக்கொண்டிருந்த பெமிலாவிடம் யாரும் கேட்கவில்லை.

"எவ்வளவு சிசி?" என்றார் எபிசன்.

"ஆயிரத்து முந்நூத்தி அறுவது."

"நானூறு வரைக்கும் ரேசுக்காரன் விடுதான்லா? பின்ன எதுக்கு நாப்பது கொறைவு? குடுக்கியது குடுக்கேரு, நெறவா குடும். கொறைவா வாங்கினோம்ணு நாளைக்கு ஆளுவ சிரிச்சப்பிடாது."

சீதனத்தில் குறைச்சல் என்ற சொல்லைக் கேட்டால் இந்த ஊரில் பெண்ணைப் பெற்றவனுக்கு மூளை நின்றுபோகும். பவுனைக் கூட்டலாம், சாப்பாட்டைக் கூட்டலாம், பந்தலை நீட்டலாம். அதே கணக்கை ஜான்ரோஸ் இரும்பிலும் போட்டார். முப்பது வருடம் இரும்பு கடைந்த மனிதர்! பெமிலா அத்தைமாரோடு கல்யாணப் பட்டெடுக்க நாகர்கோவில் போயிருந்த நாளில், பிளாக்கை மெஷினில் ஏற்றி நான்கையும் இன்னும் ஒரு மில்லிமீட்டர் கடைந்துவிட்டார். அந்த அளவுக்குப் பிஸ்டன் ஸ்மைலின் வீட்டிலிருந்தே வந்திருந்தது.

பட்டுப் பொதியோடு வந்தவள் பளபளவென்று நின்ற சிலிண்டர்களைப் பார்த்தாள்.

"அப்பா, என்ன செஞ்சு வச்சிருக்கிய? மூணாவது சொவரு அறியாதா ஒங்களுக்கு?"

"ஒண்ணும் ஆவாது மக்கா. அவிய கேட்டாவ."

"பிஸ்டன் அவரா தந்தாரு?"

"பின்ன?"

"மூணாவதுக்கு இனி உள்ளுக்க இரும்புக் கொழா எறக்கி ஸ்லீவாவது போடணும். தாங்க, நாகர்கோவிலுக்குக் கொண்டு போறேன்."

"அதுக்கெல்லாம் எங்க நேரம்? அவனுக்கு லீவு முடியப்போவுது. ரேசு அடுத்த சனிக்கிழமை. சும்மா கெட."

அவள் ஸ்மைலினுக்குப் போன் போட்டாள். "நம்ம சேர்ந்துல்லா அளந்தோம்?"

"அளந்தோம். அதுக்கு? மாமன் எல்லார்ட்டயும் நானூறுண்ணு சொல்லியாச்சு பெமிலா."

"இதே கனத்துல ஒரு பைப்பு வந்தா கையெழுத்துப் போடுவியளா?"

"அது கம்பெனி பைப்பு. இது ஒனக்க அப்பா தாற வண்டி. ஒரு ஓட்டந்தானே, தாங்கும்."

ரேஸ் அன்று காலையில் எபிசன் குருவானவரைக் கூட்டிவந்தார். பானெட்டைத் திறந்து வைத்து ஜெபம் நடந்தது. ஜெபத்தால் இரும்பின் கனம் கூடுவதில்லை. இரண்டாவது சுற்றில் மேட்டில் ஏறும்போது ஸ்மைலின் ஓட்டிய வண்டி வெள்ளையாகப் புகை கக்கியது. ஸ்மைலின் இறங்கி விலகி நின்றான். பெமிலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பிளக்குகளைக் கழற்றினாள். மூன்றாவதில் தண்ணீர் நின்றது.

"யாரு போரு போட்டது?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"பெண்ணுதான். பின்ன வேற யாரு?" என்றார் எபிசன். "பொம்பள தொட்ட மெஷின் வேற எப்பிடி இருக்கும்?" சிரிப்பு எழுந்தது.

பெமிலா அப்பாவைப் பார்த்தாள். ஜான்ரோஸைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவரிடம் வண்டி கொடுப்பவர்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஆமா... பிள்ளைக்குக் கொஞ்சம் கை பெசகிப்போச்சு."

அவள் ஸ்மைலினைப் பார்த்தாள். அளவு தெரிந்த இன்னொருவன் அவன் மட்டும்தான். அவன் ஹெல்மெட்டின் வாரை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தான்.

கல்யாணத்தை வேண்டாமென்று சொன்னது பெமிலாதான். ஊர் அதையும் அவளுக்குக் கொடுக்கவில்லை. எஞ்சினை உடைத்த பெண் வேண்டாமென்று மாப்பிள்ளை வீட்டார் விட்டுவிட்டதாகத்தான் பேச்சு. ஸ்மைலின் லீவு முடிந்து போனான். அங்கே இப்போதும் மெலிந்த குழாய்களை ஈவு இரக்கமில்லாமல் தள்ளிக்கொண்டிருப்பான். அதற்குச் சம்பளம் உண்டு.

ஒர்க்‌ஷாப்புக்கு ஆள் வரவு குறையவில்லை. வருகிறவர்கள் ஒரு சொல் கூட்டிச் சொன்னார்கள்: "அண்ணே, நீரே போரு போடணும். மோளுட்ட குடுத்துராதயும்."

ஜான்ரோஸ், "செரி, செரி" என்பார். அவர்கள் டீ குடிக்கப் போனதும் உள்ளே வந்து தணிந்த குரலில், "மக்கா, இத ஒண்ணு அளந்து சொல்லு" என்பார். கொஞ்ச நாள் அவளும் அளந்து சொன்னாள்.

போன வாரம் ஒரு டெம்போக்காரர் அதையே சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். ஜான்ரோஸ் அளக்கும் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு உள்வாசலில் நின்றார்.

"மக்கா."

பெமிலா நாற்காலியை விட்டு எழவில்லை. டெம்போக்காரருக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "அவரு இருக்கும்பளே கூப்பிடுங்க அப்பா. ரேஸ் வண்டிக்குக் கடைசியா போரு போட்டது ஆருண்ணும் சொல்லுங்க. வாறேன்."

டெம்போக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். ஜான்ரோஸ் அவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய், அளக்காமலேயே மெஷினைப் போட்டார்.