குப்பையோடு போன பரிசப் படங்கள்

எனக்கு எதுவும் சேர்ந்து கிடப்பது பிடிக்காது. ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவி எடுத்து வைக்கிற ஜாதி இல்லை நான். கைப்பேசி விஷயத்திலும் அப்படித்தான். 'இடம் போதவில்லை' என்று அது ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டுக்கு வந்ததும், இன்றைக்கு இதை ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை காலை வணக்கப் படங்கள். விடிந்தால் போதும், குடும்பக் குழுவில் ரோஜாப்பூ, தேநீர்க் கோப்பை, பிள்ளையார், முருகன் என்று வந்து கொட்டும். பூவையும் கோப்பையையும் அழிக்கலாம். முருகனை எப்படி அழிப்பது, அதுவும் வெள்ளிக்கிழமை? ஒவ்வொன்றாகத் தொட்டு அலுத்துப்போய், விரலை வைத்து மொத்தமாகக் கீழே இழுத்தேன். வரிசை வரிசையாக டிக் விழுந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட சாமி படங்களை மட்டும் பொறுமையாக விடுவித்தேன். அழிக்கவா என்று கேட்டது, அழி என்றேன். அப்புறமும் இடம் போதவில்லை என்றது. அழித்ததெல்லாம் அதன் குப்பைத்தொட்டியில் கிடக்கிறது என்று கண்டுபிடித்து அதையும் காலி செய்தேன். வீடு கூட்டி முடித்த மாதிரி ஒரு திருப்தி.

திருப்தி தேநீர் போடுகிற வரைக்கும்தான். கோப்பையோடு வந்து கைப்பேசியைத் திறந்தேன். முருகன் பத்திரமாக இருந்தார். அக்கா மகளின் பரிசப் படம் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி போடாமல் பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் அளவுப் படத்தில் பட்டுப்புடவையும் ரோஜாப்பூவும் ஒரே சிவப்பாகத் தெரிந்திருக்கின்றன.

பரிசம் நடந்தது அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கிள்ளான் பக்கம் மேருவில் அக்கா வீட்டில். கல்யாணத்துக்குப் போட்டோகிராபர் வைத்துக்கொள்ளலாம், பரிசத்துக்கு வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. கம்ப்யூட்டர் படித்து ஆபீசில் பெரிய வேலை பார்க்கிற அக்கா மகள், மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் எழுந்து நின்று சொன்னாள்: "சாரி ஆ, எல்லாரும் போனை உள்ள வைங்க. சித்தி மட்டும் எடுப்பாங்க. கல்யாணம் வரைக்கும் ஒரு படம்கூட வெளிய போகக்கூடாது. கண்ணு படும்." படித்த பிள்ளைக்கும் கண்ணேறு பயம் போகவில்லை என்று அன்றைக்கு நான் அவளைக் கேலி செய்தேன். அந்தப் படங்கள் என் கைப்பேசியில் மட்டும் இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஆனால் நான் பயந்தது அவளுக்காக இல்லை. அக்காவுக்காக. மோதிரம் மாற்றும்போது அக்கா கூடத்தில் இல்லை. அத்தான் இறந்துபோன பிறகு எந்த நல்ல காரியத்திலும் அவள் முன்னால் வருவதில்லை. போ என்று யாரும் சொல்லவில்லை. "பாயசம் அடி பிடிச்சிடும், நான் பார்த்துக்கிறேன்" என்று அவளே அடுப்படிக்குள் போனாள். வா என்றும் யாரும் சொல்லவில்லை. நான்தான் பின்னாலேயே போய், "நீ கவலப்படாத கா, ஒண்ணு விடாம எடுத்து உனக்குக் காட்டுறேன்" என்றேன். அதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வந்து டிவியில் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. பெற்ற மகளுக்கு மோதிரம் போட்டதை அவள் பார்க்க இருந்த ஒரே வழியை நான் தேநீர்க் கோப்பைப் படங்களோடு சேர்த்துக் குப்பையில் கொட்டியிருந்தேன்.

அன்றிரவு அக்கா கூப்பிட்டாள். "மத்தியானமே வந்துடு. மீன் வாங்கி வெச்சிருக்கேன். கண்ணாடிக்குக்கூட புது லென்ஸ் போட்டாச்சு, படம் நல்லாத் தெரியணும்ல." சரி கா, சரி கா என்று மட்டும் சொன்னேன். வைத்த பிறகும் கைப்பேசியைத் திறந்து திறந்து பார்த்தேன், அவை தாமாகவே திரும்பி வந்திருக்கும் என்பதுபோல.

மறுநாள் காலையில் மாப்பிள்ளையின் அத்தைக்கு ஒரு போன் போட்டேன். சுற்றி வளைத்து, உங்கள் பக்கம் யாராவது சும்மா ஒன்றிரண்டு எடுத்தார்களா என்று கேட்டேன். "எங்க எடுத்தோம், உங்க பொண்ணுதான் எடுக்க வேணாம்னு சொல்லிடுச்சேலா" என்றார். குரலில் இன்னும் கொஞ்சம் கோபம் இருந்தது. அதற்கு மேல் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று, நலம் விசாரித்து வைத்துவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்குப் பின்னால் ஒரு போன் கடை இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர் தமிழ்நாட்டுக்காரர், வேலை பெர்மிட்டில் இங்கே வந்தவர். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"தொட்டியையும் காலி பண்ணிட்டீங்களா அக்கா? பேக்கப் இருக்கா?"

"அது சும்மா சும்மா இடம் இல்லன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு தம்பி. நிறுத்திட்டேன்."

"அழிச்சதுக்கு அப்புறம் போனை யூஸ் பண்ணீங்களா?"

எப்படிப் பயன்படுத்தாமல் இருப்பது? அன்று காலையில்கூடக் குழுவில் ரோஜாப்பூ வந்து விழுந்திருந்தது. புதிதாக வருவது பழைய படம் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடும் என்றார். எனக்கு அந்தக் குழுவில் உள்ள அத்தனை பேர் மீதும் ஆத்திரம் வந்தது. "டிரை பண்றேன், ஆனா உறுதி சொல்ல முடியாது" என்று கைப்பேசியைக் கணினியில் மாட்டினார்.

பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்தது. நான் முக்காலியின் நுனியில் உட்கார்ந்து, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். முதலில் ஒரு தேநீர்க் கோப்பை வந்தது. "இது வேணுமா அக்கா?" வேண்டாம் என்றேன். அடுத்து ரோஜாப்பூ. அடுத்து இனிய திங்கள் வாழ்த்து. எதைத் தொலைக்க ஆசைப்பட்டேனோ அதெல்லாம் சமர்த்தாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு சீர்த்தட்டு தெரிந்தது. ஆப்பிள், வெற்றிலை, மஞ்சள் துணி. "இதுதான், இதுதான் தம்பி!" என்று கத்திவிட்டேன். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் தபால்தலை அளவு. ஒன்றில் சிவப்பாக ஏதோ இருந்தது, பக்கத்தில் வெள்ளையாக ஏதோ. பெரிதாக்கச் சொன்னேன். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. அந்தக் கட்டங்களுக்குள் பிள்ளையின் முகத்தைத் தேடினேன். கடைசியில் அவர் ஒயரைக் கழற்றிக் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினார். "அவ்வளவுதான் அக்கா."

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போகும் கோமுட்டர் ரயிலில் என்னென்னவோ யோசித்தேன். கைப்பேசி தண்ணீரில் விழுந்துவிட்டது என்று சொல்லலாம். யாரோ பறித்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று சொல்லலாம். செமினியில் வாடகை வீட்டில் இருக்கும் அக்கா மகளைக் கூப்பிட்டு, திரும்ப ஒருமுறை அதே புடவையைக் கட்டி, அதே மோதிரத்தைக் காட்டச் சொல்லலாம். எல்லாமே கேவலமாக இருந்தது. ஷா ஆலாம் தாண்டியபோது, உள்ளபடியே சொல்வதென்று தீர்மானித்தேன், வேறு எதையும் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லாததால்.

அக்கா டிவிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்திருந்தாள். புது லென்ஸ் போட்ட கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். மிஞ்சிய ஒரே படத்தைக் காட்டினேன். அவள் அந்தச் சீர்த்தட்டை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தட்டு நான்தானே அடுக்கினேன்" என்றாள். "இதப் பார்க்கவா லென்ஸ் மாத்தினேன்?"

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மோதிரம் போடும்போது எல்லாரும் கை தட்டினீங்க. எனக்குச் சத்தம் கேட்டுச்சு. கரண்டியோட நின்னுக்கிட்டிருந்தேன். சரி, தங்கச்சி எடுத்துட்டு வருவா, பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன்."

நான் அப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கல்யாணத்துக்கு நான் உள்ள இருக்க மாட்டேன்" என்றாள் அக்கா. "மணவறை பக்கத்துல வந்து நிப்பேன். யாரு வேணா என்னா வேணா சொல்லட்டும்."

"வா கா. நான் வேணும்னா அன்னிக்கு..."

"நீ போட்டோ எடுக்க வேணாம்லா" என்று கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "யாராவது வந்து என்னை உள்ள போகச் சொன்னா எனக்குக் கால் தானாப் போயிடும். நீ என் கையப் புடிச்சிக்கிட்டு நில்லு."