வெற்றிலை இல்லாத சிவப்பு

என் கணவர் கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர். விடிகாலையில் தேநீர் குடித்த கையோடு வெற்றிலை போடாவிட்டால் அவருக்கு வண்டி ஓடாது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில், அவர் இருமித் துப்பிவிட்டுப் போன சிவப்பைத் திட்டிக்கொண்டே கழுவுவேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மோனோரெயில் சத்தமில்லாமல் பனிக்குள் மிதந்து போகும். அரைத் தூக்கத்தில் எனக்கு அந்தச் சிவப்பும் கனவில் பார்த்தது போலத்தான் இருக்கும்.

தைப்பூச விரதம் தொடங்கினால் மனிதர் வெற்றிலையைத் தொடமாட்டார். இந்த வருஷம் இருமல் மட்டும் விடவில்லை. விரதத்தின் ஐந்தாம் நாள் காலை சிங்க்கைப் பார்த்தேன். மஞ்சள் சளிக்குள் சிவப்பாக ஓர் இழை.

“பழைய வெத்தலக் கறைலா, ஊறி வருது,” என்றார்.

நம்பத்தான் ஆசை. குழாயைத் திருகினால் போய்விடும். வழக்கம்போல ஒரு காலையாகிவிடும். கை குழாய் வரைக்கும் போய் நின்றது.

“சட்டையப் போடுங்க. கிளினிக் போறோம்.”

தாதி மூடி போட்ட சின்ன டப்பாவை நீட்டினார். “எச்சில் வேணாம் அங்கிள். காலையில எழுந்ததும் நெஞ்சுக்குள்ளேர்ந்து வர்ற சளிதான் வேணும். நுரையீரல் எப்படி இருக்குன்னு அதுலதான் தெரியும்.”

மறுநாள் விடியலில் அவர் குனிந்து இரும, நான் முதுகை நீவிவிட்டேன். சளி நன்றாக வரட்டும் என்று முருகனிடம் வேண்டிய பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முடிவு வாங்க மறுபடி கிளினிக் போனோம். காசநோய். ஆறு மாதம், ஒரு நாளும் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும் என்றார் டாக்டர். என்னையும் சோதிக்க வேண்டுமாம். குணமாகும் என்ற ஒரு சொல்லில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காரில் ஏறியதும் அவர் முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசினார்.

“விரதத்தோட மொத நாளே பார்த்துட்டேன். நாலு நாளா நீ எழுந்திரிக்கிறதுக்குள்ள நானே கழுவிட்டேன்.”

“அஞ்சாம் நாள்?”

“நீயே பாக்கட்டும்னு விட்டுட்டேன். வாயால சொல்ல முடியல.”

“அப்புறம் ஏன் கறைன்னு சொன்னீங்க?”

“உன் மூஞ்சியப் பார்த்ததும் தைரியம் போயிடுச்சு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன். அவர் தோளில் வைத்திருந்த என் கையை மட்டும் எடுக்கவில்லை.